நன்மை வாங்காத ஞாயிறுகள்

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். பசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். மீன்காரன் அவனாகவே தூக்கிக் காட்டினால், கேட்காமலே ஏன் காட்டுகிறான் என்று இன்னொரு தடவை பார்ப்பேன். இதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை. என் வீட்டில் யாரும் கெட்ட மீன் தின்றதில்லை.

அப்படிப்பட்ட ஒருத்திக்கு வாய்த்த புருஷன் திடீரென்று சந்தோஷமாக இருக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்?

நான் சொல்வது ஜார்ஜ் டவுனில் டிராம் வண்டி ஓடிக்கொண்டிருந்த காலம். நாங்கள் பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி. இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். அவர் ஒரு பூசை தவறியதில்லை, ஒரு ஜெபமாலை விட்டதில்லை. ஆனால் அதில் ஒரு பொட்டு மகிழ்ச்சி இருந்து நான் பார்த்ததில்லை. சர்வேசுரனையும் ஆபீஸ் துரையையும் அவர் ஒரே மாதிரிதான் நடத்தினார். நேரத்துக்குப் போய் நிற்பார், தலை குனிவார், வீட்டுக்கு வந்து என் மேல் எரிந்து விழுவார். நானும் அதற்குப் பழகிவிட்டேன். கடுகடுப்பான மனிதரிடம் ஒரு வசதி உண்டு, அவர் எதை மறைக்கிறார் என்று நாம் தேட வேண்டியதில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்து சில வாரத்தில் அவர் மாறிப்போனார். கிணற்றடியில் முகம் கழுவும்போது கோவில் பாட்டை முணுமுணுத்தார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நகம் வெட்டிவிட்டார். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ரசம் நல்லா இருக்கு” என்றார். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. என் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. ரசம் ஒன்றும் நன்றாக இல்லை, அன்றைக்கு உப்பு அதிகம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பூசையில் நன்மை வாங்குகிற நேரம் வந்தது. நற்கருணை வாங்குவதை நாங்கள் நன்மை வாங்குவது என்றுதான் சொல்வோம். ஆண்கள் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கிராதியில் போய் வரிசையாக முழங்காலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. பெஞ்சிலேயே இருந்தார். அதுவும் தலை குனிந்து அல்ல, மெல்லச் சிரித்தபடி.

அந்தக் காலத்தில் நன்மை வாங்க வேண்டுமானால் நடுநிசியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. ஒரு நாள் தெரியாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். மறு ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஒழுங்காகக் கோவிலுக்கு வருகிற ஒரு மனிதன் வாரா வாரம் நன்மை வாங்காமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவன் சாவான பாவத்தில் இருக்கிறான். ரசத்தைப் பாராட்டுகிற சாவான பாவம் என்ன பாவமாக இருக்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை.

யாரோ ஒருத்தி இருக்கிறாள்.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் அவள்தான் தெரிந்தாள். வீட்டிலிருந்த சின்னத் தூக்குச்சட்டியைக் காணவில்லை. அவர் சட்டையில் இஞ்சி வாசம் அடித்தது, நான் அந்த வாரம் இஞ்சியே வாங்கவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சேர்ந்து நடந்து வருவார். இப்போது இருட்டோடு எழுந்து, “நான் முன்னாடி போறேன், நீ பிள்ளைங்களக் கூட்டிட்டு மெதுவா வா” என்று போய்விடுவார். மற்ற நாளும் ஆபீசுக்கு வெகு நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுவார். சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் தவறாமல் போனார். சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற தொட்டிக்குப் பக்கத்தில் அவர் முழங்காலில் நின்றபோது நான் தூணுக்குப் பின்னால் நின்று பிரியதத்த மந்திரம் சொல்லி நேரத்தை அளந்தேன். ஒன்றிரண்டு சொல்வதற்குள் எழுந்துவிட்டார். பெரிய பாவம் செய்தவர் இவ்வளவு சீக்கிரம் எழுந்து வர முடியாது. ஒன்று, அவரிடம் பாவமே இல்லை. அல்லது சாமியாரிடமே மறைக்கிறார். நான் இரண்டாவதைத்தான் நம்பினேன்.

இதைக் கவனித்தது நான் மட்டுமல்ல. பீடத்துணி வெளுத்து மடிக்கிற அக்கா ஒருவர் எங்கள் கோவிலில் இருந்தார். யார் நன்மை வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்று அவருக்குத் தெரிகிற அளவுக்குச் சர்வேசுரனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஒரு நாள் பூசை முடிந்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, வீட்டுக்காரருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

“நல்லாத்தான் இருக்காரு அக்கா.”

“அதான் கேக்குறேன். நல்லாத்தான் இருக்காரு. சிரிச்ச மொகமா இருக்காரு. நன்மைக்கு மட்டும் எந்திரிக்க மாட்டேங்குறாரு.” குரலைத் தாழ்த்தினார். “இது மருந்து லா, தங்கச்சி. எவளோ சோத்துல மருந்து வெச்சிட்டா. இந்தச் சிரிப்புதான் மொத அடையாளம்.”

மருந்து வைத்து ஆளை மயக்குவது பற்றி நானும் கேள்விப்பட்டதுதான். இருந்தாலும் இந்த அக்காவுக்கு முதல் அடையாளம் எல்லாம் எப்படித் தெரியும் என்று அவர் மேலும் ஒரு சந்தேகம் வந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் சொன்ன மாற்று மருந்தை வாங்கிக்கொண்டேன். வேப்பங்கொழுந்தும் வேறு எதெதுவோ சேர்த்து அரைத்த உருண்டை. அதைக் காப்பியில் கரைத்துக் கொடுத்தேன். வயிற்றில் உள்ள மருந்து வாந்தியாக வந்துவிடும் என்றார் அக்கா. என் வீட்டுக்காரர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். “காப்பி இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கே” என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போனார். ஒன்றும் வெளியே வரவில்லை.

தபசுகாலம் முடியப் போகிறது. பாஸ்கா என்கிற உயிர்த்த ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் மற்ற நாள் எப்படிப் போனாலும், பாஸ்காவுக்கு நன்மை வாங்காதவன் வேதத்தை விட்டவனுக்குச் சமம். அவன் பிள்ளைக்கு வரன் கிடைக்காது. அவன் செத்தால் மணி அடிப்பார்களா என்பதே கேள்வி. நான் முடிவு செய்துவிட்டேன். பாஸ்கா அன்றும் அவர் அந்தப் பெஞ்சில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தைப்பிங்கில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது. திரும்பி வருவதாக இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்துப் பிள்ளைகளின் துணியை அடுக்கி வைத்தேன். எனக்கு அந்தக் கடுகடுப்பான மனிதர் வேண்டியிருந்தது. இந்தச் சந்தோஷமான மனிதரும் வேண்டியிருந்தது, அதுதான் இன்னும் கஷ்டம்.

பெட்டியை அடுக்கின பிறகுதான் ஒன்று தோன்றியது. போகிறதுதான் போகிறோம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டாவது போவோம்.

குருத்து ஞாயிறு அன்று விடியுமுன் அவர் கிளம்பினார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் கோவில் பக்கம் திரும்பவில்லை. நேரே சூலியா தெருவுக்குப் போனார். அங்கே முஸ்லிம் அண்ணன் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் அந்நேரமே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கேள்வியே கேட்காமல் ஒரு தூக்குச்சட்டியில் இஞ்சிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். என் தூக்குச்சட்டி. விளிம்பில் இருக்கும் நசுங்கலை நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். கூட்டாளி வேறா என்று நினைத்துக்கொண்டு, அஞ்சடி நடைபாதையில் தூண் தூணாக ஒதுங்கி நடந்தேன்.

கடைகளின் முதுகுப் பக்கம் ஒரு குறுகல் சந்து. அதில் ஒரு பழைய கிட்டங்கி. முன்பு மிளகும் பாக்கும் அடுக்கி வைத்த இடம், அப்போது காலியாகக் கிடந்தது. அவர் அதற்குள் போனார். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே கயிற்றில், பெண்கள் இடுப்பில் கட்டுகிற மாதிரி பூப்போட்ட சாரோங் ஒன்று தொங்கியது. எனக்கு அது போதும். அதோடு நிற்காமல் அவர் குரலும் கேட்டது. கெஞ்சுகிற குரல். என்னிடம் ஒரு நாளும் பேசாத குரல்.

“ஒரு வாய். எனக்காக. இந்தா பாருங்க, நான் முழுங்கிட்டேன்ல?”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

சாக்கு விரித்த பலகையில் ஒரு கிழவர் கிடந்தார். இரண்டு காலும் வீங்கி, உடம்பு காய்ந்து, கண் மட்டும் கூர்மையாக இருந்தது. சாரோங் அவருடையது. என் வீட்டுக்காரர் தரையில் மண்டியிட்டுக் கரண்டியும் கையுமாக இருந்தார். கிழவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி உண்மையாகவே உள்ளே இறங்குகிறதா என்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“யாருய்யா இவ? இவளும் மருந்து வெக்க வந்தவளா?”

“என் வீட்டுக்காரிதான் பெரியவரே.”

“அப்படின்னா ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்களா?”

பொதுவாக இப்படிப்பட்ட பேச்சுக்கு நான் சும்மா இருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கிழவர் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் மீன்காரனைப் பார்க்கிற அதே பார்வை.

அங்கிருந்து கோவிலுக்கு நடக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் எல்லாம் சொன்னார். பெரியவர் ஒரு காலத்தில் துறைமுகத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகு தள்ளுகிறவர்களுக்குத் தண்டல், மேலாளாக இருந்தவர். தன் சொந்தத் தம்பி வீட்டுச் சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று நம்பி வெளியே வந்தவர். வைத்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வைத்திருக்கலாம். அதிலிருந்து யார் எதைக் கொடுத்தாலும், கொடுத்தவர் முதலில் தின்று காட்டாமல் தொடமாட்டார். பகலில் காய்ச்சல் ஏறிவிட்டால் எதுவும் தங்காது. விடியற்காலையில் மட்டும்தான் உடம்பு குளிர்ந்திருக்கும். கப்பல் கம்பெனிக்குப் போகிற வழியில் பெரியவர் முனகுகிற சத்தம் கேட்டு இவர் உள்ளே எட்டிப் பார்த்ததில்தான் ஆரம்பம்.

“வாயில வெச்சிட்டுத் துப்பிடக் கூடாதா? நன்மையாவது வாங்கலாம்ல?”

“தொண்டையப் பாக்குறாரே. நீ பாத்தியே.”

“சாமியாரு என்ன சொன்னாரு?”

“கோவில் சட்டத்த மாத்த அவருக்கு அதிகாரம் இல்லயாம். கஞ்சிய நிறுத்தவும் சொல்லல.”

சாமியாரும் உடந்தை என்று அதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன். “ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நீ கேக்கவே இல்லயே. தூக்குச்சட்டி எங்கன்னு கேட்ட. சட்டையில என்ன வாசம்னு கேட்ட. ஏன் நன்மை வாங்கலன்னு மட்டும் கேக்கல. பெரியவரு வேற, யாருக்கும் தெரிய வேணாம்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

ஓலைக் குருத்துகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கேள்வியை விழுங்கி விழுங்கிக் கடைசியில் கேட்டுவிட்டேன். “நன்மை வாங்காம உக்காந்திருக்குறது வலிக்கலயா ஒங்களுக்கு? அப்புறம் என்ன சிரிப்பு?”

“வலிக்குது. ஒவ்வொரு ஞாயிறும் வலிக்குது.” அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார். “ஆனா ஒன்னு சொல்றேன், சிரிக்காத. எனக்கு இத்தன வருசமா சர்வேசுரன் மேல பயந்தான் இருந்துச்சு. இப்பதான் ஆச வந்திருக்கு. அந்தப் பெரியவரு முழுங்குறப்ப, எதுக்குப் பொறந்தோம்னு எனக்குத் தெரியுற மாதிரி இருக்கு.”

நான் சிரிக்கவில்லை. அப்படி ஒருத்தியே இல்லை என்ற நிம்மதியில் தெருவிலேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஆனாலும் என்னை முழுக்க நல்லவளாக்கிக் காட்ட மாட்டேன். அப்போது நான் நினைத்ததெல்லாம் பாஸ்காவைப் பற்றித்தான். காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர் அதை வேறு மாதிரிதான் படிக்கும். சத்தியம் செய்திருக்கிறார், வெளியே சொல்லவும் முடியாது. மானம் போகிறது என்றால் யாருடைய மானம்?

“பாஸ்காவுக்கு நான் கஞ்சி கொண்டு போறேன்,” என்றேன். “நீங்க நன்மை வாங்குங்க. என்னுது அடுத்த வாரத்துல என்னைக்காவது வாங்கிக்குறேன்.”

பாஸ்கா அன்று கடைக் கஞ்சி வேண்டாமென்று நானே இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி வைத்து எடுத்துப் போனேன். பெரியவர் என் தொண்டையை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டேன்.

“இன்னொரு வாய்.”

சாப்பிட்டேன்.

“அடியில இருந்து அள்ளு. மேலாப்புல நல்லது வெச்சிட்டு அடியில மருந்து போடுவாளுங்க.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “பெரியவரே, மருந்து வெக்கிறதா இருந்தா நான் கஞ்சியிலயா வெப்பேன்? கரண்டியில தடவியிருப்பேன். கரண்டியப் பாத்தீங்களா நீங்க? பாக்கல. என்னத்த சந்தேகப்படுறீங்க நீங்க! நான் யாருக்காக இன்னிக்கு நன்மை வாங்காம இங்க வந்து ஒக்காந்திருக்கேன்?”

அவர் கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருமல் வந்து கண்ணில் நீர் கட்டுகிற வரைக்கும் சிரித்தார். தன்னைவிடப் பெரிய ஆளைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு அது. அப்புறம் கரண்டியை ஒரு தடவை கழுவச் சொல்லிவிட்டுக் கஞ்சி முழுவதையும் சாப்பிட்டார். வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தில் நடக்கும்போது என் வாயிலிருந்து கோவில் பாட்டு வந்தது. எனக்கே தெரியாமல் வந்தது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கோவிலில் என் வீட்டுக்காரர் கிராதிக்குப் போனார். பெண்கள் எல்லாரும் போனார்கள். பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். பீடத்துணி அக்கா திரும்பி வரும்போது கைகூப்பிய நிலையிலேயே என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு கஞ்சி கொண்டுபோக நாங்கள் முறை வைத்துக்கொண்டோம், ஒரு ஞாயிறு அவர், ஒரு ஞாயிறு நான். புருஷனும் பெண்சாதியும் மாறி மாறிப் பாவம் செய்கிறார்கள் என்று கோவிலில் பேசிக்கொண்டார்கள். அக்கா வாசலில் மடக்கி மடக்கிக் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. பெட்டியிலிருந்த துணியைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். எத்தனையோ வருஷம் தவறாமல் நன்மை வாங்கியிருக்கிறேன். அது எனக்கு எதற்கு என்று யோசித்ததில்லை. வாங்க முடியாத ஞாயிறுகளில்தான் அதற்காகப் பசித்தது. அந்தப் பசியில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மழைக்காலம் பிறந்தது. பெரியவருக்கு வீக்கம் முகத்துக்கும் ஏறிவிட்டது. ஒரு ஞாயிறு, என் முறை. பலகையில் அவரைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, முதல் கரண்டியை என் வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

“வேணாம் தாயி. நீ திங்காத.”

எனக்கு உடனே சந்தேகம். சாப்பிட இஷ்டமில்லை, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார் என்றே நினைத்தேன். “ஏன்? இன்னிக்கு மட்டும் என்னவாம்?”

“நீ கோவில்ல நன்மை வாங்கணும்ல. எனக்குக் குடு.”

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

கூடப் பிறந்தவனை நம்பாதவர். என் வீட்டுக்காரர் இத்தனை மாதம் ஊட்டியும், ஒவ்வொரு நாளும் தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பல் போன வாயைத் திறந்தபடி, என் கைக்காகக் காத்திருந்தார். என்னை யாரும் அப்படி நம்பியதில்லை. நானும் யாரையும் அப்படி நம்பியதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஊட்டினேன். கொஞ்சம்தான் சாப்பிட்டார், ஆனால் அதில் ஒரு பருக்கையைக்கூட நான் தொடவில்லை.

வாயைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு மழையிலேயே ஓடினேன். சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. நான் உள்ளே போகும்போது ஜனங்கள் நன்மைக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். நேரே பெண்கள் பக்கத்துக் கிராதிக்குப் போய் முழங்காலில் நின்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஆண்கள் பக்கத்தில் முழங்காலில் நின்றிருந்த என் வீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார். என் முறை ஞாயிற்றில் நான் நன்மை வாங்க வந்து நிற்கிறேன் என்றால் அவர் என்ன நினைப்பார்? பெரியவரைப் பட்டினி போட்டுவிட்டு வந்துவிட்டாளா? அந்த மனிதர் முகத்தில் சந்தேகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அங்கே வாய் திறந்து விளக்கம் சொல்ல முடியாது. சாமியார் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.